இங்கே அப்படி யாரும் இல்லை

அத்தியாயம் ஐந்து

மெக்கானிக்கின் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் தண்ணீர் பாட்டில் இல்லை. மேல்தட்டில் மடித்து வைத்த துண்டுகள் இருந்தன. நடுத்தட்டில் மகளின் பள்ளிக்கூட நோட்டுகள். முட்டை வைக்கும் குழிகளில் ஊக்குகள், பேனா மூடிகள், ஜோடி தொலைந்த ஒரு தோடு. காய்கறிப் பெட்டியிலிருந்து மெக்கானிக்கின் மனைவி தடித்த ஃபைல் ஒன்றை இரண்டு கையாலும் வெளியே எடுத்தாள்.

"இதுதான் மேடம் விசா ஃபைல். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீட்டு ஃபிரிட்ஜ் இது. ஓடி ஆறு வருஷம் ஆச்சு."

"ஃபைல் கெடாம இருக்கட்டும்னு வச்சிருக்கீங்க போல" என்றாள் ரேடியோ.

அத்தை திரும்பிப் பார்த்தாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடினால் மூன்று விநாடி தாங்கும்.

அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது. துப்பறியும் தொழிலில் பதினெட்டு வருஷம். துப்பாக்கி கிடையாது, பூதக்கண்ணாடி கிடையாது. ஒரு கேள்வி கேட்பாள், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாள். எதிரில் இருப்பவருக்கு அந்த அமைதி முதுகில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அதைத் தாங்க முடியாமல் எதையாவது உளறுவார். அவளுடைய பாதி வழக்குகள் அப்படி முடிந்தவைதான். மீதிப் பாதியை முடிக்க அண்ணன் மகளை உதவிக்கு வைத்திருந்தாள். அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் தெருவே அவளை ரேடியோ என்றது. அணைக்கிற சுவிட்சை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"படி" என்றாள் அத்தை.

ரேடியோ ஃபைலின் மேலிருந்த கடிதத்தைப் படித்தாள்.

"விண்ணப்பதாரரின் பணி அனுபவக் கடிதத்தைச் சரிபார்க்க, அதில் கண்ட தொலைபேசி எண்ணுக்கு கடந்த புதன்கிழமை பகல் 1.20 மணிக்கு அழைக்கப்பட்டது. பேசியவர் ஆண். 'இங்கே அப்படி யாரும் இல்லை. இப்பவும் இல்லை, எப்பவும் இருந்ததில்லை' என்றார். தன் பெயரைக் கூறவில்லை. பின்னர் விஷயத்துக்குத் தொடர்பில்லாத சில வார்த்தைகளைச் சொல்லி இணைப்பைத் துண்டித்தார். எனவே கடிதம் போலியெனக் கருதப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்." ரேடியோ தலையைத் தூக்கினாள். "ஏழாவது நாள் எப்போ?"

"இன்னைக்கு. சாயங்காலம் அஞ்சு மணி" என்றாள் மனைவி.

"நிராகரிச்சா மறுபடி போட முடியாதா?"

"நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருந்தாத்தான் போடலாம். இவருக்கு நாளை மறுநாள் நாப்பத்தஞ்சு முடியுது. ஜோசியக்காரனைவிட இந்த விசாக்காரங்க நாளை கரெக்டா பார்க்கறாங்க மேடம்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த விதம் வேறாக இருந்தது. அந்த வீடு ஒரு மரம் அறுக்கும் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மரத்தூள், மூடினால் வெக்கை. மகள், அவர்கள் குடியேறப்போகும் ஊரின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் போகும் வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். வெளிநாட்டில், பழத்தோட்டங்கள் சூழ்ந்த சின்ன ஊர். அறுவடையான பழங்களை வைக்க அங்கே பெரிய பெரிய குளிர்கிடங்குகள் உண்டு. ஓடாத நாளில் அவற்றை ஓடவைக்க ஆள் கிடையாது. அதனால் அந்த நாடு, இந்த மெக்கானிக்கைப் போன்றவர்களுக்கென்று ஒரு விசா வைத்திருந்தது. தொழில் தெரிந்தவர் வரலாம். ஆனால் ஐந்து வருஷம் பெருநகரத்துப் பக்கம் குடியேறக் கூடாது, சிற்றூர்களிலேயே இருந்து வேலை செய்ய வேண்டும்.

"வீட்டுக்கு வாங்க, ஆனா ஹாலுக்கு வராதீங்க, நேரா சமையலறைக்குப் போயிடுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் ரேடியோ.

"எனக்கு அந்தச் சமையலறை போதும்மா" என்றாள் மனைவி. "ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்காம்."

இவ்வளவு பேச்சுக்கும் மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். ஒல்லியான மனிதர். கை மட்டும் பெரியது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் அத்தை.

"மேல்மாடி மோட்டார்ல பேரிங் போகுது மேடம்" என்றார் மெக்கானிக்.

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. அடுத்த தெருவில ஒரு ஃபிரிட்ஜ் இருமினா எழுந்து உட்கார்ந்துடுவார்."

அத்தை அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "போன புதன்கிழமை மத்தியானம் ஒண்ணு இருபதுக்கு எங்க இருந்தீங்க?"

"பட்டறையிலதான். வேலை மேசையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தேன். டிபன் டப்பா கொண்டுபோறவன், வெளியே போக மாட்டேன்."

"போன் எங்க இருக்கு?"

"மேசைக்கு மேல, சுவத்துல."

"போன் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"ஈ காக்கா வரலை மேடம்."

"போன் அடிச்சுதா?"

"அது அடிச்சிட்டேதான் இருக்கும். அடிக்கலைன்னாத்தான் ஞாபகம் இருக்கும்."

அத்தை எழுந்தாள். "பட்டறைக்குப் போலாம்."

"நானும் வரேன்" என்றாள் மனைவி, ஃபைலைப் பைக்குள் திணித்தபடி. "அந்தப் பாவி யாருன்னு என் கண்ணால பார்க்கணும்."

*

பட்டறை ஒரு நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் கதவு கழற்றிய ஃபிரிட்ஜுகள் வரிசையாக நின்றன, வாயைத் திறந்துகொண்டு பல் டாக்டருக்காகக் காத்திருப்பவர்களைப்போல. தரையில் செப்புக் குழாய்ச் சுருள்கள். மூலையில் கேஸ் சிலிண்டர்கள். உள்ளே கடைசியில் மெக்கானிக்கின் மேசை. அதற்கு நேர்மேலே சுவரில், பழைய கறுப்புத் தொலைபேசி. இழுத்து இழுத்துச் சுருள் விட்டுப்போன ஒயர் மேசையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது.

முதலாளி பெரிய உடம்புக்காரர். விஷயத்தைக் கேட்டதும் கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

"நானா? நான் எதுக்கும்மா சொல்றேன்? கடிதத்துல கையெழுத்துப் போட்டதே நான்தானே!"

"போடறதுக்கு மூணு மாசம் எடுத்துக்கிட்டீங்களாமே?" என்றாள் ரேடியோ.

"பேனா கிடைக்கலை."

"மூணு மாசமாவா?"

"நல்ல பேனா."

அத்தை ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி ஒரு சிலிண்டரைத் துடைத்தார். பக்கத்துச் சிலிண்டரையும் துடைத்தார். மூன்றாவதுக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

"சரிம்மா, மனசு வரலை. இருபத்திரண்டு வருஷம். அவன் ஒரு மெஷினைத் தொடவே வேண்டாம், பக்கத்துல நின்னாலே அது பயந்துபோய் ஓட ஆரம்பிச்சுடும். அப்படிப்பட்டவனை யார் விடுவா? ஆனா போட்டுட்டேன்ல? போட்டுட்டு அப்புறம் போன்ல இல்லைன்னு சொல்ற அளவுக்கு நான் மட்டமான ஆளா?"

"ஒண்ணு இருபதுக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் தூக்கம்."

ரேடியோ அப்போதே அவர் வீட்டுக்கு போன் போட்டாள். முதலாளியம்மா பேசியது கொட்டகை முழுக்கக் கேட்டது. "தூங்கலைன்னு எவ சொன்னா? அவர் குறட்டை தாங்காம பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தைத் தட்டறதே ஒண்ணு பத்துலேருந்துதான்! புதன்கிழமை ரெண்டு தடவை தட்டினாங்க. வேணும்னா அவங்களையே கூப்பிடறேன், அவங்களுக்கும் யார்கிட்டயாவது சொல்லி அழணும்னு இருக்கு."

"அத்தை, இவரை விட்டுடலாம்" என்று ரேடியோ போனை வைத்தாள். "குறட்டையைப் போலியா விட முடியும். சுவத்தைத் தட்டறதுக்கு ஆள் வைக்க முடியாது."

அடுத்து வேன் டிரைவர். மெக்கானிக்கின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். தங்கை முறைக்கிற முறைப்பில் அவன் வேனுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றான்.

"உங்களுக்கு மாப்பிள்ளை போறதுல இஷ்டம் இல்லையாமே?" என்றாள் ரேடியோ.

"இல்லைதான்" என்றான் டிரைவர். "என் தங்கச்சி போயிட்டா என்னைத் திட்ட ஊர்ல வேற யாரு இருக்கா?"

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணும் பண்ணலைங்க! புதன்கிழமை மத்தியானம் நான் ஐஸ்கிரீம் கடையில டீப் ஃப்ரீசர் இறக்கிட்டு இருந்தேன். மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது." சட்டைப் பையிலிருந்து டெலிவரி ரசீதை நீட்டினான். கடையின் முத்திரை, கையெழுத்து, மணி 1.15. "இதை எதுக்கு இன்னும் வச்சிருக்கேன்னு கேளுங்க. ஓவர்டைம் கேக்கத்தான். முதலாளிக்குப் பேனா கிடைக்க மாட்டேங்குது."

ரேடியோ உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டு பேர்மேல சந்தேகம், ரெண்டு பேரும் இல்லை. பேய்தான் போன் எடுத்திருக்கணும் அத்தை. பேய்க்கு விசா வேண்டாம், அதான் பொறாமை."

அத்தை கடிதத்தை மறுபடி கையில் வாங்கினாள். வாசித்தாள். மடித்தாள். ஒரு பழைய ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்தாள். பட்டறையில் எங்கோ ஒரு கம்ப்ரசர் முனகிக்கொண்டிருந்தது. நேரம் போயிற்று.

"ரேடியோ."

"சொல்லுங்க அத்தை."

"உனக்கு ஒருத்தன்மேல பொறாமை. அவனைப்பத்தி விசா ஆபீஸ்லேருந்து போன் வருது. என்ன சொல்லுவே?"

"திருடன், வேலைக்கே வர மாட்டான், வந்தா தூங்குவான், தூங்கி எழுந்தா சண்டை போடுவான்..."

"போதும். பொறாமைக்காரனுக்கு ஒரு வார்த்தை போதாது. சரி, பயந்தவன்னா?"

"யாரு பேசறது, எதுக்குக் கேக்கறீங்கன்னு கேப்பான்."

"இவன் ரெண்டும் இல்லை. யாருன்னு கேக்கலை, எதுக்குன்னு கேக்கலை, திட்டலை, தயங்கலை. மனப்பாடம் பண்ணின மாதிரி ஒப்பிச்சிருக்கான்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "நீ வெளியே கேட்டுக்குப் போ. உன் போன்லேருந்து இந்தப் போனுக்குக் கூப்பிடு. யாரு எடுத்தாலும், மெக்கானிக்கோட பேரை பாஸ்போர்ட்ல இருக்கறபடி முழுசா சொல்லி, இங்க வேலை செய்யறாரான்னு கேளு. குரலைக் கொஞ்சம் மாத்திக்கோ."

"எந்தக் குரல் வேணும்? பேங்க் மேனேஜர், ஸ்கூல் டீச்சர், சம்பந்தியம்மா?"

"போ."

ஒரு நிமிஷத்தில் சுவரில் மணி அடித்தது. மெக்கானிக் குனிந்து ஒரு ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற டிரைவர் எட்டி எடுத்தான். கேட்டான். அவன் முழங்கை மெக்கானிக்கின் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

"இங்கே அப்படி யாரும் இல்லைங்க" என்றான் டிரைவர். "இப்பவும் இல்லை, எப்பவும் இருந்ததில்லை."

வைத்துவிட்டு, கையிலிருந்த பிஸ்கட்டைக் கடித்தான்.

மெக்கானிக்கின் மனைவி ஃபைலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

"அடப்பாவி! கூடப்பிறந்தவனே! என் புருஷனை உரசிக்கிட்டு நின்னுக்கிட்டே இல்லைன்னு சொல்றியா?"

"ஐயோ, அடிக்காதே, ஃபைல் கிழியும்!" டிரைவர் ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடினான். "மாப்பிள்ளை, சொல்லுங்களேன்! நான் என்ன புதுசா சொல்லிட்டேன்? எல்லாரும் சொல்றதுதானே! முதலாளி ஆர்டர்!"

ரேடியோ மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள். "பிடிச்சாச்சா? யாரு? இவரா? சம்பந்தியம்மா குரல்ல பேசினேன், ஒரு வணக்கம்கூடச் சொல்லலை!"

அத்தை முதலாளியின் பக்கம் திரும்பினாள். முதலாளி நான்காவது சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது வேற விஷயம்மா" என்றார் தரையைப் பார்த்து. "எதிர்த் தெருவுல ஏசி கடை போட்டான் பாருங்க ஒருத்தன், அவன் போன் பண்ணிப் பண்ணியே என் ஆளுங்க மூணு பேரைக் கூட்டிட்டுப் போயிட்டான். பேரைச் சொல்லிக் கேப்பான், போனைக் கொடுத்தா ஆள் காலி. அதான் மூணு வருஷமா ஒரே ஆர்டர். யாரு, எவரைப் பேர் சொல்லிக் கேட்டாலும், இங்கே அப்படி யாரும் இல்லை, இப்பவும் இல்லை, எப்பவும் இருந்ததில்லை. ஆனா அது எதிர்த் தெருக்காரனுக்குச் சொல்றதும்மா!"

"எதிர்த் தெருக்காரன் என்ன, போன்ல போட்டோ ஒட்டிட்டா பேசுவான்?" என்றாள் ரேடியோ.

"விசா ஆபீஸ் கூப்பிடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களே கடிதத்துல நம்பர் எழுதிக் கொடுத்திருக்கீங்களே!"

முதலாளியின் பெரிய உடம்பு மெதுவாக ஒரு ஸ்டூலில் இறங்கியது.

"அப்போ இதுல வில்லனே கிடையாது" என்றாள் ரேடியோ. "வெறும் பழக்கதோஷம். சரி, எழுதிக் கொடுத்துடலாமா?"

"எழுதினா நம்ப மாட்டாங்க" என்றாள் அத்தை. "கடிதம் போலின்னு சொல்றவங்களுக்கு இன்னொரு கடிதம் கொடுத்தா, போலி ரெண்டாயிடும். பேசினது யாருன்னு காட்டணும். அந்த ஆள் இதே பட்டறையைச் சேர்ந்தவன், இப்படித்தான் பேசுவான்னு காட்டணும்."

"ஆனா முதலாளி குறட்டை. டிரைவர் மூணாவது மாடி. ஆம்பளை குரல்னு எழுதியிருக்கு. மிச்சம் யாரு?"

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. மெக்கானிக் மேசைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். தொங்கிய ஒயர் அவருடைய தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை அந்த ஒயரையும் அந்தத் தோளையும் வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய உதட்டோரம் லேசாகத் துடித்தது. இதுவரை அத்தை வழக்கு நடுவில் சிரித்து ரேடியோ பார்த்ததில்லை.

"என்ன அத்தை? வயிறு சரியில்லையா?"

"கடிதத்துல கடைசி வரி என்ன?"

"விஷயத்துக்குத் தொடர்பில்லாத சில வார்த்தைகளைச் சொல்லி..."

"அது என்ன வார்த்தைன்னு கேப்போம்" என்றாள் அத்தை. தன் கைபேசியில் கடிதத்தின் அடியிலிருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

*

சரிபார்ப்பு அதிகாரியின் குரல் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. ஃபைல் எண்ணைக் கேட்டாள், தேதியைக் கேட்டாள், அத்தை யாரென்று கேட்டாள்.

"விளக்கம் எழுத்துல வரணும். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும்" என்றாள் அத்தை. "தொடர்பில்லாத வார்த்தைன்னு எழுதியிருக்கீங்க. அது என்ன?"

"அது... ஏதோ மெஷின் விஷயம். பதிவு இருக்கு. போடட்டுமா?"

"போடுங்க."

ஒரு கரகரப்பு. அதிகாரியின் குரல் கேள்வி கேட்டது. அவளுக்குப் பின்னால் எங்கோ ஏதோ முனகி, 'டிக்' என்று நின்றது. பிறகு ஓர் ஆண் குரல், வாயில் சோற்றோடு:

"இங்கே அப்படி யாரும் இல்லைங்க. இப்பவும் இல்லை, எப்பவும் இருந்ததில்லை. ஏங்க, ஒரு நிமிஷம், உங்க பின்னாடி ஒரு ஃபிரிட்ஜ் இருக்கா? கம்ப்ரசர் எடுக்க மாட்டேங்குது பாருங்க, டிக்கு டிக்குனு விழுது. அதைக் கிளப்பற ரிலே போயிடுச்சு. இன்னைக்கே மாத்திடுங்க, இல்லேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள கம்ப்ரசரே போயிடும். வைக்கறேன்."

பதிவு முடிந்தது. எல்லாரும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பினார்கள்.

மெக்கானிக் வால்வைக் கீழே வைத்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சரியா சொல்றான் மேடம். ரிலேதான். போன்ல கேட்டே சொல்லிட்டானே! நல்ல தொழில்காரன். யாரு இவன்?"

ரேடியோ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"நீங்கதான்" என்றாள் அத்தை.

"நான் என்ன?"

"அது நீங்கதான். புதன்கிழமை போன் பக்கம் யாரும் வரலை, உண்மை. நீங்க ஏற்கெனவே அங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. மணி அடிச்சுது, கை தானா எடுத்துச்சு. அவங்க உங்க பேரைச் சொன்னாங்க. நீங்க அவங்க பின்னாடி இருந்த ஃபிரிட்ஜைக் கேட்டுட்டு இருந்தீங்க. வாய் தானா ஒப்பிச்சிடுச்சு. உங்களை இல்லைன்னு சொன்னது நீங்கதான்."

மெக்கானிக் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தேடுவதைப்போல.

"என்னையா? நானா?"

"பதினாறு வருஷம்!" மனைவி ஃபைலை அவர் மடியில் தொப்பென்று போட்டாள். "பதினாறு வருஷமா நான் கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க, அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக்கூடவா? ஊர்ல இருக்கற எல்லாப் பாவியையும் திட்டிட்டு, கடைசியில பாவிக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்தது நான்!"

அதற்குமேல் முடியவில்லை. அவளே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். டிரைவர் சிரித்தான். ரேடியோ ஒரு ஃபிரிட்ஜின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். மெக்கானிக் மட்டும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் அதிகாரி தொண்டையைக் கனைத்தாள். "அங்க என்ன நடக்குது?"

"மேடம்" என்றாள் அத்தை, "அந்த ஃபிரிட்ஜ் என்ன ஆச்சு?"

இஸ்திரி கொஞ்சம் கலைந்தது. "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போயிடுச்சு. எங்க ஆறு பேர் சாப்பாடும் போச்சு. ஆனா அதை எல்லாம் நான் ஃபைல்ல எழுத முடியாது."

"எழுதலாம். வேலை நாள், மத்தியானம், பட்டறை நம்பர். எடுத்துப் பேசினவர், இங்கேருந்தே உங்க ஆபீஸ் ஃபிரிட்ஜோட வியாதியைச் சொல்லி, அது சாகற நாளையும் சொல்லியிருக்கார். அந்த ஆள் இங்க ஃபிரிட்ஜ் மெக்கானிக்கா வேலை செய்யலைன்னா, வேற என்னவா வேலை செய்யறார்? நீங்க சரிபார்க்கத்தான் கூப்பிட்டீங்க. அனுபவம் எவ்வளவுன்னு அவர் அப்பவே காட்டிட்டார். இங்கே இல்லைன்னு அவர் சொன்னதுதான் அவர் இங்கே இருக்கறதுக்கு அத்தாட்சி."

அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை கேட்டது. நின்றது.

"அவரைப் பேசச் சொல்லுங்க."

மெக்கானிக் எழுந்து வந்தார். போனுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் கையைக் கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி தன் முழுப் பெயரைச் சொன்னார். பிறகு பொறுக்க முடியாமல், "புது ஃபிரிட்ஜ் வாங்கிடாதீங்க, கம்ப்ரசர் மட்டும் மாத்தினா போதும்" என்றார்.

"குரல் ஒண்ணுதான். எழுதிக்கறேன்" என்றாள் அதிகாரி. இந்த முறை அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. ஆனால் உடனே குரல் பழையபடி நிமிர்ந்தது. "முதலாளி அங்க இருக்காரா? கையெழுத்துப் போட்டவர் வாயால ஒரு பதில் வேணும். இதுவும் பதிவாகுது. அவர் சொல்றதுதான் கடைசி."

ரேடியோ போனைத் தூக்கி முதலாளியின் முன்னால் நீட்டினாள்.

"இந்த நபர் உங்ககிட்ட வேலை செய்யறாரா?"

முதலாளி போனைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். வரிசையாக வாயைத் திறந்து நிற்கும் ஃபிரிட்ஜுகளைப் பார்த்தார். அவருக்கு மூன்று வருஷமாகத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் போதும். நாளை மறுநாள் தாண்டிவிடும், பிறகு இவன் எங்கேயும் போக முடியாது. பட்டறைக்கு ஒரு குறையும் வராது. அவர் உதடு அந்த வாக்கியத்தின் முதல் எழுத்துக்கு விரிந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

மெக்கானிக்கின் மனைவி தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் அவரைக் கெஞ்சவில்லை. அத்தை எதுவும் கேட்கவில்லை. கம்ப்ரசர்களில் ஒன்று ஓய்ந்தது, மற்றதும் ஓய்ந்தது.

"ஹலோ?" என்றாள் அதிகாரி.

முதலாளி மூக்கை உறிஞ்சினார்.

"இருக்கான்" என்றார். மறுபடி உரக்கச் சொன்னார். "இங்கேதான் இருக்கான். இருபத்திரண்டு வருஷமா இருக்கான். ஒரு நாள் லீவு போட்டதில்லை, போட்டதுன்னா பொண்ணு பிறந்த அன்னைக்கு அரை நாள். அவனை மாதிரி ஒருத்தன் அந்த ஊருக்குக் கிடைக்கறது அந்த ஊரோட அதிர்ஷ்டம். எழுதிக்குங்க. நிறுத்தி நிறுத்திச் சொல்லணுமா?"

"வேண்டாம். விளங்குது" என்றாள் அதிகாரி. தட்டச்சு ஓசை நீளமாகக் கேட்டது. "பணி அனுபவம் உறுதி செய்யப்பட்டது. நேரம் நாலு முப்பத்தெட்டு. விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகுது." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டிரைவர் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரேடியோ அத்தையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அத்தையின் செருப்பு ஒன்று கழன்று சிலிண்டர்களுக்கு அடியில் போயிற்று. மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட, அவள் எழுந்த வேகத்தில் அவருடைய தோளில் ஒன்று வைத்துவிட்டு, அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முதலாளி எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிலிண்டர் துடைத்த துணி. திரும்பியபோது முகத்தில் பாதி கறுப்பாக இருந்தது. சிரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"என்னடா நின்னு பாக்கறே?" என்று மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார். "கிளம்ப ரெண்டு மாசம் ஆகும்ல? அதுவரைக்கும் சம்பளம் கொடுக்கறது நான்தானே? முதல்ல போய் உன் வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கிட்டு வா. கேஸ் என்னுது, கம்ப்ரசர் என்னுது. உன் பொண்ணு இந்த ஊரை விட்டுப் போறதுக்குள்ள, உங்க வீட்டுல ஒரு தடவையாவது ஜில்லுனு தண்ணி குடிக்கட்டும்."